கண்ணின் குருத்து

சுண்ணாம்பு நமக்குப் பழகிய பொருள். சுவருக்கு அடிக்கிறோம். வெற்றிலையில் தடவுகிறோம். வட மாநிலங்களில் புகையிலையோடு சேர்த்துக் கசக்குகிறார்கள். பெட்டிக் கடைகளில் சிறிய பாக்கெட்டுகளில் சுண்ணாம்பு விற்கிறது.

குழந்தைகள் அந்தப் பாக்கெட்டை எடுத்து விளையாடுகிறார்கள். விரலால் அமுக்குகிறார்கள். பாக்கெட் பட்டென்று வெடிக்கிறது. சுண்ணாம்பு கண்ணில் தெறிக்கிறது. இந்தியாவின் பல ஊர்களில் குழந்தைகளின் கண் இப்படித்தான் கெடுகிறது.

கெட்ட கண்ணைச் சரிசெய்ய முடியுமா? பலருக்கு முடியும் என்று ஐதராபாத் டாக்டர்கள் காட்டியிருக்கிறார்கள். அதற்கான மருந்து வெளிநாட்டிலிருந்து வரவில்லை. நோயாளியின் இன்னொரு கண்ணிலிருந்தே கிடைத்தது. அது எப்படி என்று படிப்போம். அதற்கு முன், கண் கெடாமல் காப்பது எப்படி என்று தெரிந்து கொள்வோம்.

முதலில் தண்ணீர்

கண்ணில் சுண்ணாம்பு பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். டாக்டரிடம் போன பிறகு கழுவலாம் என்று இருக்கக் கூடாது. சுண்ணாம்பு ஒரு காரப் பொருள். அது கண்ணின் மேல் நிற்காது. உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

குழந்தையைப் படுக்க வையுங்கள். தலையை ஒரு பக்கமாகச் சாயுங்கள். அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் கழுவிய தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போகாது. இமைகளை விரலால் விரித்துப் பிடியுங்கள். குழந்தை அழும். திமிறும். ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். செம்பிலிருந்து தண்ணீரை மெதுவாக, விடாமல் ஊற்றுங்கள். அரை மணி நேரம் ஊற்றுங்கள்.

இமைக்குள் சுண்ணாம்புத் துகள் தெரிந்தால் ஈரமான சுத்தத் துணியின் முனையால் மெல்ல எடுங்கள். வராவிட்டால் நோண்ட வேண்டாம். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.

கண்ணைக் கசக்கக் கூடாது. எண்ணெய், நெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதுவும் விடக் கூடாது. எலுமிச்சைச் சாறு விட்டால் சுண்ணாம்பு முறியும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். அது கண்ணை மேலும் புண்ணாக்கும்.

கழுவிய பிறகு அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. அந்தப் பாக்கெட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

சுண்ணாம்பு கண்ணை என்ன செய்கிறது?

கண்ணின் முன்பக்கம் கடிகாரக் கண்ணாடி போல ஒரு பகுதி இருக்கிறது. அதைக் கருவிழி என்கிறோம். உண்மையில் அதற்கு நிறம் இல்லை. உள்ளே இருக்கும் கறுப்புதான் அதன் வழியாகத் தெரிகிறது. வெளிச்சம் இந்தக் கண்ணாடி வழியாகத்தான் கண்ணுக்குள் போகிறது.

இந்தக் கண்ணாடியின் மேல் மெல்லிய தோல் ஒன்று உண்டு. தூசி, காற்று, வெயில் எல்லாம் அதன்மேல்தான் படுகின்றன. அது தேய்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். புதிய தோல் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் நம் கண் வாழ்நாள் முழுவதும் பளிச்சென்று இருக்கிறது.

புதிய தோல் எங்கிருந்து வருகிறது? கண்ணாடியில் உங்கள் கண்ணைப் பாருங்கள். கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் இடத்தில் வட்டமாக ஒரு விளிம்பு தெரியும். கருவிழியைப் புதுப்பிக்கும் செல்கள் அங்கேதான் இருக்கின்றன.

சுண்ணாம்பு பட்டால் அந்த விளிம்பு வெந்துபோகிறது. கருவிழிக்குப் புதிய தோல் கிடைப்பதில்லை. அடுத்திருக்கும் வெள்ளை விழியின் தோல் அதன்மேல் படர்கிறது. கவனிக்காத வயலில் கோரை படர்வதுபோலத்தான் இதுவும். இரத்தக் குழாய்களும் கூடவே வருகின்றன. கண்ணாடி வெள்ளையாக மங்குகிறது. பார்வை போகிறது.

இறந்தவர்கள் தானம் தரும் கருவிழியைப் பொருத்தினால் போதாதா? இந்த நோயில் அது மட்டும் போதாது. புதிய கருவிழிக்கும் தோல் வேண்டும். தோலை வளர்க்கும் விளிம்பு இல்லாவிட்டால் அதுவும் மங்கிவிடும்.

குருத்தணு என்றால் என்ன?

வாழையில் இலையை அறுக்கிறோம். சில நாட்களில் நடுவிலிருந்து புதிய குருத்து வருகிறது. அது விரிந்து இலையாகிறது. குருத்து அழுகிப்போனால் புதிய இலை வராது.

நம் உடலிலும் குருத்து போன்ற செல்கள் உண்டு. உடல் முழுவதும் செல்களால் ஆனது. செங்கல் சேர்ந்து சுவர் ஆவதுபோல செல்கள் சேர்ந்து உடல் ஆகிறது. பழைய செல்கள் சாகும்போது புதிய செல்களை உண்டாக்கச் சில செல்கள் இருக்கின்றன. இவற்றைக் குருத்தணுக்கள் என்கிறோம். டாக்டர்கள் ஸ்டெம் செல் என்பார்கள்.

குழந்தைக்கும் உண்டு. வளர்ந்தவருக்கும் உண்டு. முதியவருக்கும் உண்டு. ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வாழைக் குருத்தில் வாழை இலைதான் விரியும். தென்னங்கீற்று விரியாது. அதுபோலக் கண் விளிம்பில் உள்ள குருத்தணு கருவிழியின் தோலை உண்டாக்கும். எலும்புக்குள் உள்ள குருத்தணு இரத்தத்தை உண்டாக்கும். ஒவ்வொன்றுக்கும் தன் வேலை உண்டு.

ஐதராபாத்தில் நடந்த வேலை

1997-ல் இத்தாலி நாட்டு விஞ்ஞானிகள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து சிறு துண்டு எடுத்தார்கள். அதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். வளர்ந்த தோலைக் கெட்ட கண்ணில் வைத்தார்கள். இரண்டு நோயாளிகளுக்கு இது பயன் தந்தது.

ஐதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை இருக்கிறது. 2001-ல் அங்கேயும் இந்த வேலை தொடங்கியது. பிரசவத்தின்போது கிடைக்கும் பனிக்குடச் சவ்வின் மேல் கண் செல்களை வளர்த்தார்கள். 200 பேருக்குச் செய்த சிகிச்சையின் முடிவை 2011-ல் வெளியிட்டார்கள். 100-க்கு 71 பேருக்குப் பலன் கிடைத்திருந்தது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. செல்களை வளர்க்கத் தனி ஆய்வுக்கூடம் வேண்டும். செலவு அதிகம். சிறிய ஊர் மருத்துவமனையில் இதைச் செய்ய முடியாது.

டாக்டர் வீரேந்தர் சங்வானும் உடன் இருந்தவர்களும் எளிய வழி தேடினார்கள். செல்களை வெளியில் வளர்க்காமல் கண்ணிலேயே வளரவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். 2012-ல் அந்த முறையை உலகுக்கு அறிவித்தார்கள்.

அந்த முறை இதுதான். நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து கடுகளவு துண்டு எடுக்கிறார்கள். அதன் நீளமும் அகலமும் 2 மில்லிமீட்டர்தான். கெட்ட கண்ணின் மேல் படர்ந்த தோலை நீக்குகிறார்கள். அங்கே பனிக்குடச் சவ்வை விரித்து ஒட்டுகிறார்கள். கடுகளவு துண்டை இன்னும் சிறிதாக, 8 அல்லது 10 துண்டாக வெட்டுகிறார்கள். நாற்று நடுவதுபோல அவற்றைச் சவ்வின் மேல் பரப்பி, மருத்துவப் பசையால் ஒட்டுகிறார்கள். சுமார் இரண்டு வாரத்தில் அவை வளர்ந்து ஒன்றோடொன்று சேர்கின்றன. கருவிழிக்குப் புதிய தோல் கிடைக்கிறது.

எடுப்பது மிகச் சிறிய துண்டு. எடுத்த இடமும் ஆறிவிடுகிறது.

125 பேருக்குச் செய்த சிகிச்சையின் முடிவு 2016-ல் வெளிவந்தது. அவர்களில் 60 பேர் குழந்தைகள். 100-க்கு 76 பேருக்குக் கருவிழியின் மேற்பரப்பு நன்றாக இருந்தது.

76 பேருக்குப் பலன் என்றால் 24 பேருக்குப் பலன் இல்லை. இதையும் டாக்டர்கள் மறைக்கவில்லை. மேல்தோல் சரியானாலும் கண் உள்ளே கெட்டிருந்தால் பார்வை முழுவதும் வராது. சிலருக்குப் பிறகு கருவிழி மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு கண்ணும் வெந்தவருக்கு எடுப்பதற்கு நல்ல விளிம்பு இல்லை. உறவினரிடமிருந்து எடுக்கலாம். ஆனால் வேறொருவர் செல்லை உடல் எளிதில் ஏற்காது. அதற்குத் தனியாக மருந்து சாப்பிட வேண்டும்.

இரத்தத்தின் குருத்து

எலும்புக்குள் மஜ்ஜை இருக்கிறது. இரத்தத்தின் குருத்தணுக்கள் அங்கே உள்ளன. சிவப்பு அணு சுமார் 120 நாட்கள்தான் வாழும். பிறகு புதியது வர வேண்டும்.

தலசீமியா நோய் உள்ள குழந்தைக்கு நல்ல சிவப்பு அணு உண்டாவதில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். பொருத்தமான ஒருவரின் மஜ்ஜைக் குருத்தணுவைத் தந்தால் இந்த நோயைக் குணப்படுத்த முடியும். சில வகை இரத்தப் புற்றுநோய்க்கும் இந்தச் சிகிச்சை உண்டு. உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுவதும் பொருந்த 4-ல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. தந்தவருக்கு மஜ்ஜை மீண்டும் ஊறிவிடும்.

இந்தியாவில் 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை தொடங்கியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986-ல் தொடங்கியது. இது எளிய சிகிச்சை அல்ல. ஆபத்தும் உண்டு. ஆனால் பல ஆண்டுகள் சோதித்து, பலன் உண்டு என்று உறுதி செய்த சிகிச்சை.

ஓர் உரையாடல்

ஒரு பெரியவரும் சுகாதார நிலையத்துச் செவிலியரும் பேசுகிறார்கள்.

பெரியவர்: சிஸ்டர், என் மகன் பனையிலிருந்து விழுந்து ஒரு வருஷம் ஆகுது. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. டவுனில் ஒரு இடத்தில் ஸ்டெம் செல் ஊசி போட்டா நடப்பான்னு சொல்றாங்க. நாலு ஊசியாம். அரை ஏக்கர் இருக்கு. வித்துடலாமான்னு பார்க்கிறேன்.

செவிலியர்: எங்கிருந்து செல் எடுப்பாங்களாம் ஐயா?

பெரியவர்: வயித்துக் கொழுப்பிலிருந்து எடுப்பாங்களாம். சர்க்கரை நோய், வாதம், மூளை வளர்ச்சிக் குறை எல்லாத்துக்கும் அதே ஊசிதானாம்.

செவிலியர்: வாழைக் குருத்திலே தென்னை வருமா ஐயா?

பெரியவர்: வராது. ஆனா புள்ளை நடக்கணுமே சிஸ்டர்.

செவிலியர்: உங்க மனசு புரியுது. தண்டுவடக் காயத்துக்கு விஞ்ஞானிகள் ஆராய்ச்சி செய்யறாங்க. நம்ம நாட்டிலே அது உறுதியான சிகிச்சைன்னு இன்னும் ஏத்துக்கலை. ஆராய்ச்சின்னா அதுக்கு அரசுப் பதிவு இருக்கணும். நோயாளிகிட்டே பணம் வாங்கக் கூடாது. உங்ககிட்டே பணம் கேட்கிறாங்களே!

பெரியவர்: அப்போ ஒண்ணுமே செய்ய முடியாதா?

செவிலியர்: நிறைய இருக்கு. படுக்கைப் புண் வராம ரெண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும். சிறுநீர்ப்பையைச் சரியா கவனிக்கணும். பயிற்சி கொடுத்தா கைக்குப் பலம் வரும். சக்கர நாற்காலியிலே தானா ஏறி இறங்குவான். மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதிப் போடுவோம். நிலம் இருந்தா அவனுக்கு நாளைக்கு ஆதரவு. அவங்க கையெழுத்துக் கேட்ட காகிதம் இருக்கா?

பெரியவர்: இருக்கு. போன வருஷம்னா கைநாட்டு வெச்சிருப்பேன். இப்போ நானே எழுத்துக் கூட்டிப் படிப்பேன். படிச்சுட்டு வர்றேன்.

சட்டமும் விதியும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் குருத்தணு பற்றிய நெறிமுறைகளை வெளியிட்டது. உறுதி செய்யப்படாத குருத்தணு சிகிச்சையை ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம். வியாபாரமாகச் செய்யக் கூடாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் குருத்தணு சிகிச்சை தருவதைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் பரிந்துரைக்கவில்லை. அப்படித் தருவது தொழில் ஒழுங்கு மீறல் என்றும் சொன்னது.

ஆகவே யாராவது குருத்தணு சிகிச்சை என்று சொன்னால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. செல்லை உடலின் எந்த இடத்திலிருந்து எடுக்கிறீர்கள்? எங்கே வைக்கிறீர்கள்?
2. இது உறுதியான சிகிச்சையா? ஆராய்ச்சியா?
3. ஆராய்ச்சி என்றால் பதிவு எண் என்ன? ஏன் பணம் கேட்கிறீர்கள்?
4. 100 பேரில் எத்தனை பேருக்குப் பலன் இல்லை?
5. என்ன கெடுதல் வரலாம்?

நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். ஐதராபாத் டாக்டர்கள் 24 பேருக்குப் பலன் இல்லை என்று எழுதியே வைத்தார்கள். 100-க்கு 100 என்று சொல்பவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். சுண்ணாம்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில், மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். கண்ணின் குருத்தைக் காக்க இதைவிட மலிவான வழி இல்லை.

புதிய சொற்கள்

கருவிழி – கண்ணின் முன்பக்கம் உள்ள, ஒளி ஊடுருவும் பகுதி
குருத்தணு – புதிய செல்களை உண்டாக்கும் செல்
மஜ்ஜை – எலும்புக்குள் இருக்கும் மென்மையான பகுதி
காரம் – சுண்ணாம்பு போல அரிக்கும் தன்மை உள்ள பொருள்

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. கண்ணில் சுண்ணாம்பு பட்டால் உடனே ______ விட்டுக் கழுவ வேண்டும்.
2. கருவிழியின் குருத்தணுக்கள் கண்ணின் ______ இருக்கின்றன.
3. இரத்தத்தின் குருத்தணுக்கள் எலும்பு ______ இருக்கின்றன.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் கண்ணில் தூசி, சுண்ணாம்பு பட்டால் என்ன செய்கிறார்கள்? அதில் எது சரி? எது தவறு?
2. பெரியவர் நிலத்தை விற்கலாமா? உங்கள் கருத்து என்ன?
3. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள கண் மருத்துவமனை எது? அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்? விசாரித்து எழுதுங்கள்.