கோரிலிருந்து கிரேடு: ஆவரேஜ் போடும் முன் நீளத்தைப் பாருங்க

அரிய மண் தனிமங்கள் என்றதும் மேக்னட், மின்சார கார் மோட்டார் என்று பேச ஆரம்பிச்சிடுவோம். ஆனா ஒரு மலைக்குள்ள அது எவ்வளவு இருக்குன்னு எப்படிக் கணக்கு போடுறாங்க?

வைர முனை வைத்த டிரில் பிட்டால் துளைத்து, உருளை வடிவில் பாறையை வெளியே எடுப்பாங்க. அதுதான் கோர். அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை லேபுக்கு அனுப்புவாங்க. சந்தேகம் வந்தால் திரும்பச் சோதிக்க, மறு பாதி பெட்டியிலேயே இருக்கும். பாறை வகை மாறும் இடத்தில் சாம்பிளையும் பிரிக்கணும். அதனால எல்லா சாம்பிளும் ஒரே நீளத்தில் இருக்காது. சிக்கல் இங்கதான்.

கணக்குக்காக மூன்று சாம்பிள் எடுத்துக்குவோம்:

2 மீட்டர், 1%
1 மீட்டர், 4%
3 மீட்டர், 0.5%

சும்மா கூட்டி மூன்றால் வகுத்தால் 1.83%. ஆனா ஒவ்வொரு கிரேடையும் அதன் நீளத்தால் பெருக்கிக் கூட்டினால் 2 + 4 + 1.5 = 7.5. மொத்த நீளம் 6 மீட்டர். 7.5 ÷ 6 = 1.25%. இதுதான் சரி. முதல் விடையை நம்பினால், காகிதத்தில் இருக்கும் தனிமத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் இருக்காது! அந்த எண்ணை நம்பித்தான் சுரங்கத்துக்குக் கடன் வாங்குவாங்க, ஆலை கட்டுவாங்க.

அடர்த்தி ரொம்ப மாறினால் நீளத்தோடு அதையும் பெருக்கணும். பாஸ்ட்னசைட் என்ற தாதுக் கனிமத்தின் அடர்த்தி சுமார் 5, கால்சைட்டுக்கு 2.7தான்.

அடுத்து யூனிட். லேப் பெரும்பாலும் தனிமத்தை பிபிஎம்-ல் தரும். 10,000 பிபிஎம் என்றால் 1%. கம்பெனி அறிக்கைகளில் வருவது ஆக்சைடு கணக்கு. நியோடிமியத்தை 1.166 ஆலும், லாந்தனத்தை 1.173 ஆலும், சீரியத்தை 1.228 ஆலும் பெருக்கணும். ஒரு துளையைத் தனிமமாகவும் இன்னொன்றை ஆக்சைடாகவும் ஒப்பிட்டால், இரண்டாவது துளை சும்மாவே பணக்காரத் துளையாத் தெரியும்.

கடைசியா, மொத்த கிரேடு மட்டும் போதாது. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் தாதுவில் உள்ள அரிய மண் தனிமங்களில் 80%-க்கு மேல் சீரியமும் லாந்தனமும்தான். மேக்னட்டுக்குத் தேவையான நியோடிமியம் சுமார் 12%.

இனி 'இத்தனை சதவீதம்' என்று ஒரு செய்தி வந்தால் மூணு கேள்வி கேளுங்க: எத்தனை மீட்டருக்கு? தனிமமா, ஆக்சைடா? அதில் நியோடிமியம் எவ்வளவு?