தத்துப் பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்றால் பள்ளி வெளியே அனுப்பலாமா?

கேள்வி: நானும் கணவரும் வீட்டிலேயே பட்டுத்தறி நெய்கிறோம். 2023-ல் மாவட்ட ஆட்சியர் உத்தரவுடன் ஐந்து வயதுப் பையனைத் தத்தெடுத்தோம். இப்போது எட்டு வயது முடிந்து நான்காம் வகுப்பு படிக்கிறான். வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறான். எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறிவிடுகின்றன, ஒரு வரி வாசிக்கத் திணறுகிறான். அவன் படிக்கும் தனியார் பள்ளியில் டிசி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். "கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் குறைகிறது, நாடா தள்ள அவனைத் தறியில் உட்கார வை" என்கிறார் மாமனார். "யார் பெற்றதோ, திருப்பி விட்டுவிடுங்கள், வீட்டில் அவனுக்குப் பங்கும் கிடையாது" என்கிறார் கொழுந்தனார். என்ன செய்வது?
— ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: சகோதரி, கொழுந்தனார் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, தத்து உத்தரவு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து அவன் எல்லா விதத்திலும் உங்கள் பிள்ளை. வாரிசுரிமையும் அதில் அடக்கம். உங்கள் கணவர் உயில் எழுதாமல் இறந்தால் உங்களுக்கும் மாமியாருக்கும் உள்ள அதே பங்கு அவனுக்கும் உண்டு. வீடு மாமனாரின் சொந்தச் சம்பாத்தியம் என்றால், அதை யாருக்கு எழுதுவது என்பது அவர் விருப்பம். அவன் நீங்களே பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அப்படித்தான். தத்தை ரத்து செய்யும் அதிகாரம் உறவினர் யாருக்கும் இல்லை.

எழுத்து வராததற்கும் தத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். பெற்ற பிள்ளைகளிடமும் இதே சிரமத்தைப் பார்க்கிறோம். உங்கள் பெயரைப் பெற்றோராகக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் போதும், பள்ளியில் தத்து என்ற பேச்சையே எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். குழந்தையைப் பற்றித் தத்தெடுக்கும்போது உங்களுக்குக் கொடுத்த அறிக்கையையும் மருத்துவ அறிக்கையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் மருத்துவர்கள். முதலில் கண், காது பரிசோதனை, பிறகு உளவியல் சோதனை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. எட்டு வயது முடிந்தால்தான் இதற்குச் சான்றிதழ் தருவார்கள். உங்கள் மகனுக்கு அந்த வயது வந்துவிட்டது. காஞ்சிபுரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் எங்கே, எந்த நாளில் மதிப்பீடு என்று சொல்வார்கள். சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். 'மக்கு' என்ற முத்திரையை வகுப்பறை ஏற்கெனவே குத்திவிட்டது. அதை நீக்கத்தான் இந்தக் காகிதம்.

அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17-வது பிரிவு பேசுகிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையும் சேரும். அதற்குக் கீழே என்றாலும் சோர்ந்துவிடாதீர்கள். 40 சதவீதம் இல்லை என்பதற்காக எழுத ஆள் மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு நவம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எழுதுவதில் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வில் கூடுதலாகத் தர வேண்டிய ஒரு மணி நேரத்தைத் தேர்வு மையம் தரவில்லை. அது தவறு என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. இழப்பை வேறு வழியில் சரிசெய்யச் சொன்னது. ஆகவே சலுகையை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளி வெளியேற்றக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். அடிப்பதற்கும் மனம் நோகப் பேசுவதற்கும் அதில் தடை உண்டு. நீங்களாக டிசி கேட்டு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவர்கள் வற்புறுத்தினால் மாவட்டக் கல்வி அலுவலருக்கும், தமிழ்நாடு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் புகார் அனுப்புங்கள்.

மாமனாரிடம் பொறுமையாகவே பேசுங்கள். கரையையும் உடலையும் கோத்து நெய்யும் கோர்வைக்கு இன்னொரு கை தேவை என்பது உண்மைதான். காஞ்சிபுரத்தில் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அந்தத் தறியடியிலேயே நின்றுபோனது. 14 வயது நிரம்பாத பிள்ளையின் பள்ளியை நிறுத்தித் தறியில் வைக்கக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இடம் தராது. குடும்பத் தொழிலுக்கான விலக்கு பள்ளி நேரத்தைத் தொடாது.

வீட்டுச் சச்சரவில் பையன் ஒடுங்கிப் போயிருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். தத்துக் குடும்பங்களுக்கு ஆலோசனை ஏற்பாடு செய்வது அவர்கள் கடமை.

இந்த வாரமே தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மகனுக்கு மதிப்பீடு நடக்கப்போகிறது, அவனை இதே வகுப்பில் தொடர விடுங்கள் என்ற இரண்டு வரி போதும். நகலில் தேதியுடன் பள்ளி முத்திரை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.