அடைமழைக்கு முன் அடைத்துவிடுங்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் முதலில் நிரம்புவது எலி வளைதான். கொல்லையிலும் சாக்கடை ஓரத்திலும் குடியிருந்தவை குட்டிகளோடு மேடு தேடிக் கிளம்பும். அந்த மேடு பெரும்பாலும் நம் வீடு. சினையான மூன்று வாரத்தில் எலி குட்டி போட்டுவிடும், ஈற்றுக்கு ஆறேழு. எனவே இந்த வார விடுமுறையிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் ஓட்டைகள். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் சந்து போதும். பெரிய எலிக்குக் கட்டைவிரல் அளவு. ஏசி குழாய் போகும் துளை, சிங்க்குக்குக் கீழே கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் இறங்கும் இடம், பின்வாசல் கதவின் அடிச்சந்து எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துளை புழக்கத்தில் இருக்கிறதா என்று தெரிய, இரவில் செய்தித்தாளைக் கசக்கி அடைத்து வையுங்கள். காலையில் தாள் வெளியே கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வெறும் சிமெண்டை ஈரம் காய்வதற்குள் பறித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, அதன்மேல் பூசுங்கள். கண்ணாடிச் சில்லு கலந்து பூசும் பழைய கொத்தனார் வழியும் நன்றாகவே நிற்கும்.

நவராத்திரி முடிந்து பரணில் ஏற்றிய கொலுப் பெட்டிகளை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அட்டைப்பெட்டி, வைக்கோல், பழைய பேப்பர்: பிரசவ அறைக்கு வேறென்ன வேண்டும்? பொம்மைகளை இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். பூஜையறையில் எண்ணெய் ஊறிய திரியை இரவில் விளக்கோடு விடாதீர்கள். எரியும் திரியையே இழுத்துக்கொண்டு போகிற எலிகள் உண்டு. கார்த்திகை வரும் நேரத்தில் வீடு பற்றிக்கொள்ள அது ஒன்றே போதும். காக்கைக்கு வைத்த சோறும் நாய்த்தட்டு மிச்சமும் இருட்டுவதற்குள் உள்ளே வரட்டும்.

தென்னை இருக்கிற வீடுகளில் காம்புப் பக்கம் துளை விழுந்த இளங்காய் உதிர்ந்தால், குற்றவாளி மேலே இருக்கிறது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, 40 செ.மீ. அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி அடியுங்கள். மட்டை மொட்டைமாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் அடித்தும் புண்ணியமில்லை; மட்டையையும் கழியுங்கள்.

உள்ளே வந்துவிட்டதற்குப் பொறிதான். எலி புதுப்பொருளைக் கண்டால் ஒதுங்கிப் போகும். அதனால் இரண்டு மூன்று இரவு கூண்டின் கதவைக் கட்டி வைத்து, மசால்வடையோ சுட்ட தேங்காயோ கருவாடோ சும்மா தின்னவிடுங்கள். பயம் தெளிந்த பிறகு கதவை அவிழ்த்துப் பொறியை ஏற்றலாம். நடுக்கூடத்தில் வைத்துப் பயனில்லை, சுவரை ஒட்டி வையுங்கள். எலி சுவரை உரசியபடியே ஓடும். விழுந்தது நீள மூக்கும் நெடியுமாக ஒரு மூஞ்சூறு என்றால் வெளியே விட்டுவிடுங்கள். அது எலி இனமே அல்ல. கரப்பானைத் தின்று நமக்கு உதவுகிற பிராணி.

வீட்டுக்குள் விஷம் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. தின்ற எலி சுவருக்குள் செத்து நாறுவது சின்னத் தொல்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலிமருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. அது கல்லீரலைக் கெடுக்கும், மாற்றுமருந்தும் கிடையாது. கடைக்காரர் யாராவது உள்ளிருந்து எடுத்து நீட்டினாலும் வாங்காதீர்கள். வீட்டில் யாராவது எலிமருந்தை விழுங்கியது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், பாலோ எண்ணெயோ புகட்டாமல் உடனே 108-ஐ அழையுங்கள். மருந்தின் உறையையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பூட்ஸ் போடுங்கள். புழுக்கையைப் பெருக்கித் தூசி கிளப்பாமல், பிளீச்சிங் கரைசல் தெளித்து ஊறவிட்டுக் கையுறையோடு துடையுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய், மழைத்தண்ணீரில் நின்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.