ரோஜா அத்தரும் மார்க்கமும்

ஜும்ஆ நாளில் குளித்து, இருக்கின்ற நறுமணத்தைப் பூசிக்கொண்டு பள்ளிக்குச் செல்வது சுன்னத் என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். எந்த மணம், எப்போது என்பதில்தான் ஐயங்கள் எழுகின்றன.

தோவாளைப் பூச்சந்தையைப் பக்கத்தில் வைத்திருக்கும் நாஞ்சில் நாட்டாருக்கு ரோஜாவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மாலைக்கு வரும் ரோஜாக்களில் பலவற்றுக்கு நிறம் உண்டே தவிர வாசம் சொற்பம். அத்தருக்கு ஏற்றது டமாஸ்கஸ் நகரின் பெயரைத் தாங்கிய ரோஜா. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் செம்பு அண்டாவில் இதழும் நீரும் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துத் தீ மூட்டுகிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே, நீர்த்தொட்டியில் அமிழ்ந்த குடத்தினுள் இறங்கும். அங்கே முன்னரே ஊற்றியுள்ள சந்தன எண்ணெய் அந்த மணத்தைப் பிடித்துக்கொள்ளும். பூசியதும் முதலில் வருவது பூவின் இனிமை. நேரம் செல்லச் செல்ல உடற்சூட்டில் சந்தனத்தின் கதகதப்பு மேலெழும்.

கலப்பற்ற ரோஜா எண்ணெய் ஒரு கிலோவுக்குச் சுமார் 4000 கிலோ இதழ் வேண்டும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் குப்பியில் என்ன இருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். செயற்கை மணம் என்பதால் மட்டும் அது ஹராம் ஆகாது. அதை அசல் என்று சொல்லி விற்பதுதான் மோசடி. ஸ்பிரிட் கலந்த சென்ட் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. பேணுதலுடையோர் அத்தரையே நாடுவர். பன்னீரின் மணப்பொருளுக்கு வேதியியலில் பீனைல் எத்தில் ஆல்கஹால் என்று பெயர். பெயரைக் கண்டு மிரள வேண்டாம், அது மது அன்று.

வீடுகளில் அதிகம் குழப்பம் நேருவது துக்க நாட்களில். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் (கர்ப்பிணியானால் பிரசவம் வரை) மணம் பூசலாகாது. தந்தைக்காகவோ சகோதரனுக்காகவோ துக்கம் காப்பது மூன்று நாள்தான். அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் தம் தந்தை அபூ சுஃப்யான் (ரலி) மறைந்தபின் நறுமணம் வரவழைத்துப் பூசிக்கொண்டார்கள். தமக்கு அதில் நாட்டமில்லை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விதித்த வரம்பைக் காட்டவே பூசுவதாகவும் சொன்னார்கள். வாப்பா மௌத்தான வீட்டில் ஓர் ஆண்டு அத்தர் குப்பியைத் தொடாத சகோதரிகள் இதைக் கவனிக்கவும்.

ஹஜ்ஜுக்குச் செல்பவர் இஹ்ராமுக்கு முன் உடலில் அத்தர் பூசுவது சுன்னத். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே நாயகத்துக்குப் பூசிவிட்டார்கள். நிய்யத் வைத்தபின் கூடாது. ஆகையால் வழியனுப்புவோர் பன்னீர் தெளிக்குமுன், ஹாஜி இஹ்ராமில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மய்யித்தைக் கடைசியாகக் குளிப்பாட்டும் நீரில் கற்பூரம் சேர்ப்பதும், கபனுக்கு மணமூட்டுவதும் நம் வழக்கம்; அதற்கு ஆதாரம் உண்டு. அரஃபாவில் ஒட்டகத்திலிருந்து விழுந்து இறந்த இஹ்ராம் அணிந்தவருக்கு மட்டும் மணம் பூச வேண்டாம் என்று நாயகம் (ஸல்) தடுத்தார்கள். மறுமையில் அவர் தல்பியா சொல்லியவராகவே எழுப்பப்படுவார் என்பது அதற்கு அவர்கள் கூறிய காரணம்.