கழிவுமேடும் மழைநீரும்

நிலத்தடியிலிருந்து கனிமத்தை எடுக்கையில் உடன் வெளிவரும் கல்லும் மண்ணும் சுரங்கத்தின் அருகே மேடாகக் குவிக்கப்படுகின்றன. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அது குன்றுபோல் தோன்றும். ஆயின் குன்றைத் தாங்கும் பாறையும் பிணைக்கும் வேரும் அதற்கு இல்லை.

வேல்ஸ் நாட்டின் அபர்பான் என்னும் சிற்றூரின் மேலே, மலைச்சரிவில், நிலக்கரிச் சுரங்கக் கழிவுகள் குவிக்கப்பட்டிருந்தன. ஏழாம் மேடு 1958ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் அடியில் ஊற்று இருந்தது. அவ்வூற்று நிலப்படத்திலும் குறிக்கப்பட்டிருந்தது. 1966 அக்டோபர் 21 அன்று காலை, மழையில் ஊறிய அம்மேடு குழைந்து சரிந்தது. பான்ட்கிளாஸ் பள்ளியும் அருகிருந்த வீடுகளும் புதையுண்டன. மாண்டோர் 144 பேர்; அவருள் 116 பேர் குழந்தைகள்.

மணலும் கல்லும் ஒன்றோடொன்று உராய்வதாலேயே சரிவில் நிலைத்து நிற்கின்றன. இடைவெளிகளில் நீர் நிறைந்து அழுத்தம் மிகும்போது உராய்வு குறைகிறது; திண்மையாய் நின்றது குழம்பாய் ஓடுகிறது. மேற்பரப்பில் ஓடும் நீரோ வேறு வகையில் கேடு செய்கிறது. விரற்கடை அகலத்தில் தொடங்கும் அரிப்பு, சில மழைகளில் ஆளுயரப் பள்ளமாகிவிடும்.

ஆகவே மேட்டைச் சீரமைப்போர் முதலில் நீருக்கு வழி வகுக்கின்றனர். மேலிருந்து வரும் வெள்ளம் மேட்டைத் தொடாதவாறு சுற்று வாய்க்கால் வெட்டப்படுகிறது. செங்குத்தான சரிவு தணிக்கப்பட்டுப் படிப்படியாக அமைக்கப்படுகிறது. ஒவ்வொரு படியும் உட்புறம் சற்றே சாய்ந்திருக்கும். அதனால் நீர் விளிம்பைக் கடந்து பாயாமல், கல் பாவிய வடிகாலில் சேர்ந்து இறங்கும். அடிவாரத்துத் தேக்கத்தில் வண்டல் படிந்தபின் தெளிந்த நீரே ஓடைக்குச் செல்லும். கந்தகமும் இரும்பும் கலந்த தாதுக்கள் காற்றும் நீரும் பட்டு அமிலமாவதுண்டு. அத்தகைய கழிவின்மேல் களிமண் போர்த்தி நீர் புகாமல் காக்கின்றனர்.

மரம் நட்டாலே மேடு நிலைத்துவிடும் என்பது பலரின் எண்ணம். வடிகால் இல்லாத சரிவில் நட்ட கன்று, வேர் பிடிக்குமுன் மண்ணோடு போய்விடும். தனியே காத்துவைத்த மேல்மண்ணைப் பரப்பி, தென்னைநார் வலை விரித்து, வெட்டிவேர் போன்ற ஆழ வேரோடும் புல்லை முதலில் வளர்ப்பதே தக்கது. பழுப்பு நிலக்கரியின் மேலுள்ள மண்ணை அகற்றிக் குவிக்கும் நெய்வேலியிலும், வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் இம்முறைகளைச் சோதித்துப் பார்க்கிறது.

அபர்பான் துயருக்குப்பின், 1969இல் பிரித்தானியாவில் கழிவுமேடுகளின் பாதுகாப்புக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. எஞ்சிய மேடுகளை அகற்ற வேண்டும் என ஊரார் போராடினர். அதற்கான செலவில் 150,000 பவுண்டு, குழந்தைகளை இழந்தோர்க்கென மக்கள் அளித்த நிதியிலிருந்தே எடுக்கப்பட்டது. அத்தொகை 1997ஆம் ஆண்டில்தான் திருப்பி அளிக்கப்பட்டது.