குடவோலையும் வாக்குச்சீட்டும்



ஆலயச் சமய வகுப்பில் தேவாரத்தோடு தேர்தலையும் ஏன் சொல்லித் தருகிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது. 2021 டிசம்பர் 15 முதல் நம் நாட்டில் 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் 21 வயதாகி, மனுச் செய்து பதிய வேண்டும். இப்போது ஐந்தாம் படிவம் முடித்த அடுத்த ஆண்டே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையின் கைக்கு ஓட்டு வந்துவிடுகிறது.

பாடத்தைக் கோயிலிலிருந்தே தொடங்குவது என் வழக்கம். காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, எழுத்தறியாச் சிறுவன் ஒருவனை எடுக்கச் சொன்னார்கள். அவன் தரும் ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். இதைச் சொன்னதும் பிள்ளைகள் எல்லாரும் தம் கையை விரித்துப் பார்ப்பார்கள். ஏன் விரிக்க வேண்டும் என்று கேட்டால், "வேற ஓலையை ஒளிச்சு வைக்கக் கூடாதுல்ல, ஐயா!" என்று பதில் உடனே வரும்.

முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவர் உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக்கூடாது என்பது இன்னொரு விதி. ஆலய நிர்வாகத்தில் இருக்கும் எங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!

ஆனால், அதை இன்றைய மக்களாட்சி என்று பிள்ளைகளிடம் பெருமை பேசிவிடக் கூடாது. வேதம் கற்றிருக்க வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடையில். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு. லயத்து வீட்டில் வாழ்ந்த நம் பாட்டன் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. மேலும், அது குலுக்கல். ஊரார் இவர்தான் வேண்டுமென்று தேர்ந்தெடுத்ததல்ல.

இன்று சொந்த மனை வேண்டாம். அடையாள அட்டையைக் காட்டி, விரலில் மை வைத்து, மறைவிடத்தில் ஒரு பெருக்கல் குறியிட்டு, மடித்துப் பெட்டியில் போடுகிறோம்.

"ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்?" என்பார்க்கு நம் கேமரன் மலைத் தொகுதியே பதில். 2013இல் வெற்றி பெற்றவருக்குக் கிடைத்த பெரும்பான்மை 462; 2018இல் 597. அந்த 2018 முடிவையும், ஓராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று கண்டு, தேர்தல் நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் செல்லாதென்றது. 2019 ஜனவரி 26இல் நடந்த இடைத்தேர்தலில் வென்ற ரம்லி முகமட் நோர், மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி. கட்சிப் பேச்சு வகுப்பில் கிடையாது, இவ்வளவோடு நிறுத்திக்கொள்வேன்.

"பணம் கொடுத்தவருக்கு நாம் யாருக்குப் போட்டோம்னு தெரியுமா ஐயா?" என்றாள் ஒரு சிறுமி. தெரியாது என்றேன். "அப்போ வாங்கிக்கிட்டு வேற ஆளுக்குப் போடலாமே!" என்றான் பின்வரிசைக்காரன். கொடுப்பவரைப் போலவே வாங்குபவரும் குற்றவாளி என்று சட்டத்தில் இருப்பதைச் சொன்ன பிறகுதான் அடங்கினான்.

பிறகு நாங்களும் ஒரு தேர்தல் நடத்தினோம். நவராத்திரி முதல் நாள் பிரசாதம் சுண்டலா, சர்க்கரைப் பொங்கலா? பிஸ்கட் டின்னே பெட்டி. சுண்டல் மூன்று ஓட்டில் வென்றது. பொங்கல் கட்சியார் மறுபடியும் எண்ணச் சொன்னார்கள். எண்ணினோம்; அதே மூன்றுதான்.