ஊர்க்கணக்கு

நுழையும்முன்

ஊரில் ஒரு சாலை போடப்படுகிறது. ஒரு குளம் தூர்வாரப்படுகிறது. அதற்கு எவ்வளவு செலவாயிற்று, யார் யார் வேலை செய்தனர், என்ன கூலி பெற்றனர் என்பனவெல்லாம் பதிவேடுகளில் எழுதப்படுகின்றன. அப்பதிவேடுகளை அவ்வூர் மக்கள் பார்க்கலாமா, படியெடுத்துக்கொள்ளலாமா என்னும் கேள்வியை முன்வைத்து இராஜஸ்தான் சிற்றூர் மக்கள் நடத்திய போராட்டத்தை இப்பாடம் விளக்குகிறது.

அளவுப் புத்தகம்

இராஜஸ்தானின் இராஜ்சமந்த், அஜ்மீர், பாலி மாவட்டங்கள் அன்று ஒன்றையொன்று தொட்டிருந்த பகுதி, ஆரவல்லிக் குன்றுகளும் கல்நிலமும் நிறைந்த வறண்ட பகுதியாகும். மழை பொய்க்கும் ஆண்டுகளில் அங்கு வேளாண்மை நின்றுவிடும். ஆடவர் பலர் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் செல்வர். ஊரில் தங்கியோருக்கு அரசின் வறட்சி நிவாரணப் பணிகளே வாழ்வு. சாலைக்கு மண் கொட்டுதல், குளம் வெட்டுதல், தடுப்பணை கட்டுதல் முதலிய அப்பணிகளில் பெண்களே மிகுதியாக ஈடுபட்டனர்.

அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி ஒன்றாகவும் கைக்கு வந்த கூலி வேறாகவும் இருந்தது. நிவாரணப் பணியாயினும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுத்தல் அரசமைப்புக்கு முரணானது என 1983ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதுவும் இராஜஸ்தானிலிருந்து சென்ற ஒரு வழக்கே. தீர்ப்பு வந்தபின்னும் கூலி உயரவில்லை. ஏனென்று கேட்டவர்களுக்கு, "நீங்கள் வெட்டிய மண்ணின் அளவு குறைவு" என்னும் விடையே கிடைத்தது. வெட்டிய மண்ணைப் பொறியாளர் அளந்து ஓர் அளவுப் புத்தகத்தில் குறித்துவைப்பார். நாள்தோறும் வேலைக்கு வந்தவர்களின் பெயர்கள் 'மஸ்டர் ரோல்' எனப்படும் வருகைப் பட்டியலில் இடம்பெறும். அவ்விரண்டையும் காட்டுமாறு தொழிலாளர்கள் கேட்டபோது, அவை அரசு ஆவணங்கள், வெளியாருக்குக் காட்டலாகாது என்றனர் அலுவலர்கள்.

மண்ணை வெட்டியவரே அங்கு 'வெளியார்' ஆனார். ஆங்கிலேயர் ஆட்சியில் 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அலுவல்சார் இரகசியச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த நிருவாகத்திற்கு அவ்விடை இயல்பாகவே தோன்றியது.

பந்தலில் படிக்கப்பட்ட பெயர்கள்

சென்னையில் பிறந்த அருணா ராய், இந்திய ஆட்சிப் பணியிலிருந்து 1975இல் விலகியவர். அவரும் நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் 1987இல் தேவ்டூங்ரி என்னும் சிற்றூரில் ஒரு மண்வீட்டில் குடியேறினர். அவர்களும் அப்பகுதி உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் இணைந்து 1990ஆம் ஆண்டு மே முதல் நாளில், பீம் என்னும் ஊரில் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். உழைப்பாளர் உழவர் ஆற்றல் அமைப்பு என்பது அதன் பொருள். உரிய கூலி கேட்டு அவ்வமைப்பினர் உண்ணாநோன்பும் மறியலும் மேற்கொண்டனர். ஒவ்வொரு போராட்டமும் இறுதியில் அந்தப் பதிவேடுகளிடமே வந்து நின்றது. கூலியைக் கேட்பதற்கு முன் கணக்கைக் கேட்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

1994 திசம்பர் 2ஆம் நாள், பாலி மாவட்டத்தின் கோட்கிரானா என்னும் ஊரில் முதல் 'ஜன் சுன்வாய்' நடைபெற்றது. மக்கள் முன்னிலையில் நடக்கும் விசாரணை என அதனைக் கொள்ளலாம். அன்று கணக்கைக் கேட்டுப்பெறும் உரிமை எவருக்கும் இல்லை. நேர்மையான அலுவலர் ஒருவரின் உதவியாலேயே சில பதிவேடுகளைப் பார்க்க முடிந்தது. திறந்த வெளியில் பந்தலிட்டு, ஊரார் அனைவரையும் அழைத்து, வருகைப் பட்டியலில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தனர்.

பட்டியலைப் படித்தபோது நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் கரு. படிக்கப்பட்ட பெயருக்கு உரியவர் கூட்டத்திலிருந்து எழுந்து, அந்த வேலைக்குத் தாம் சென்றதே இல்லை என்பார். மற்றொரு பெயர் படிக்கப்படும். அவர் இறந்து பல காலம் ஆயிற்று என்பார் உறவினர். ஊரைவிட்டு வெளியேறியவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது. முடிந்துவிட்டதாகக் கணக்குக் காட்டப்பட்ட கட்டடம் முடியாமல் நின்றது. தலைநகரிலிருந்து வரும் தணிக்கையாளர் கூட்டல் கழித்தலைச் சரிபார்க்கலாம். கையொப்பமும் முத்திரையும் உள்ளனவா என நோக்கலாம். பட்டியலில் உள்ள ஒருவர் அன்று வேலைக்கு வந்தாரா என்பதை அவரும் அவர்தம் அண்டை வீட்டாரும் அல்லாமல் வேறு யார் அறிவர்? எழுத்தறியாத பெண்களே அன்று மிகச்சிறந்த தணிக்கையாளர்களாக விளங்கினர்.

அடுத்த சில மாதங்களில் பீம், ஜவாஜா உள்ளிட்ட ஊர்களிலும் இத்தகைய விசாரணைகள் நடைபெற்றன. எதிர்ப்பும் எழுந்தது. பதிவேடுகளை மக்களுக்குக் காட்ட மறுத்துக் கிராம சேவகர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அரசின் தணிக்கைக்கு மட்டுமே தாங்கள் கட்டுப்பட்டவர்கள் என்பது அவர்களின் வாதம். அவ்வாதத்தை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. கடைநிலை ஊழியர் ஒருவர் ஊரார் முன் நிறுத்தப்படும்போது, அவருக்கு மேலிருந்து ஒப்பமிட்டவர்கள் பலர் தப்பிவிடக்கூடும். அதனாலேயே இவ்விசாரணைகளுக்கு அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் அழைக்கப்பட்டனர். தம் தரப்பை எடுத்துரைக்க அவர்களுக்கும் வாய்ப்பு வழங்கப்பட்டது.

பார்க்கலாம், படியெடுக்கலாகாது

1995 ஏப்ரலில், அன்றைய முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத், உள்ளாட்சி வளர்ச்சிப் பணிகளின் ஆவணங்களை உரிய கட்டணம் செலுத்தி மக்கள் படியெடுத்துக்கொள்ளலாம் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கடந்தும் அதற்கான ஆணை அலுவலகங்களை வந்தடையவில்லை. 1996 ஏப்ரல் 6ஆம் நாள், அப்போது அஜ்மீர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பியாவர் நகரில் மக்கள் தர்ணாவைத் தொடங்கினர். தொடங்கும் தறுவாயில் அரசு ஓர் ஆணையை வெளியிட்டது. ஆவணங்களைப் பார்வையிடலாம் என்றது அவ்வாணை. படி வழங்குவது பற்றி அதில் ஒன்றுமில்லை.

பார்வையிடலாம் என்றபின் படி எதற்கு என மாணவர்களுக்குத் தோன்றலாம். அளவுப் புத்தகத்தையும் செலவுச் சீட்டையும் அலுவலக மேசையில் சில நிமிடம் பார்ப்பதால், எழுதப்படிக்கத் தெரியாதவருக்கு என்ன பயன்? படி கையில் இருந்தால் அதை ஊருக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டலாம். பட்டியலில் உள்ளவரைத் தேடிக் கேட்கலாம். நீதிமன்றத்தில் சான்றாக அளிக்கலாம். மூல ஆவணம் பின்னர் திருத்தப்பட்டால் படி அதனைக் காட்டிக்கொடுக்கும். சொல்லளவில் சிறியதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டிற்காகவே பியாவர் தர்ணா நாற்பது நாள்கள் நீடித்தது.

அது நாடாளுமன்றத் தேர்தல் காலம். கோடைவெயில் கடுமையாக இருந்தது. சுற்றியுள்ள சிற்றூர்களின் குடும்பங்கள் தானியம் வழங்கின. நகரின் காய்கறி வணிகர்கள் காய்கள் தந்தனர். 'நம் பணம், நம் கணக்கு' என்னும் பொருளுடைய முழக்கம் அத்தெருக்களில் ஒலித்தது. அதன் பொருளை அவ்வமைப்பைச் சேர்ந்த சிற்றூர்ப் பெண் ஒருவர் செய்தியாளர்களிடம் எளிமையாக விளக்கினார். பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறோம்; நம் பெயரால் கோடிக்கணக்கில் செலவிடும் அரசிடம் கேட்கக் கூடாதா என்பதே அவர் கூறியதன் சாரம். அரசியல் அறிவியல் நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை அவர் ஒரு கடைத்தெருக் கணக்கில் அடக்கிவிட்டார்.

தர்ணாவின் முடிவில் அரசு ஒரு குழுவை அமைத்தது. ஆணை மட்டும் வரவில்லை. 1997இல் தலைநகர் ஜெய்ப்பூரில் மீண்டும் ஐம்பத்து மூன்று நாள்கள் தர்ணா நடைபெற்றது. அதன் இறுதியில் துணை முதலமைச்சர் வெளியிட்ட செய்தி அனைவரையும் திகைக்கச் செய்தது. ஊராட்சி விதிகள் ஏற்கெனவே திருத்தப்பட்டுவிட்டன. ஆவணங்களின் படியைப் பெறும் உரிமை அரசிதழில் ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகிவிட்டது என்றார் அவர். தங்களுக்கு முன்பே வழங்கப்பட்டுவிட்ட ஓர் உரிமையைக் கேட்டு மக்கள் ஐம்பத்து மூன்று நாள்கள் தெருவில் அமர்ந்திருந்தனர். தகவலறியும் உரிமை பற்றிய தகவலே அவர்களை எட்டவில்லை!

தெரிந்து தெளிவோம்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் சேர்ந்த கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அம்முறையில் எல்லாரும் பங்குபெறவில்லை. நிலமும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடமிருந்தது. ஆயினும் அவ்விதிகள் சபை கூடிய மண்டபத்தின் சுவரிலேயே பொறிக்கப்பட்டிருந்தன.

சட்டமான கேள்வி

அரசு ஊழியரின் பொதுச் செயல் ஒவ்வொன்றையும் அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என 1975இல் இராஜ் நாராயண் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியிருந்தது. அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. அச்சட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட விதிவிலக்குகள் இருந்தமையால் மக்களுக்குப் பெரிதும் பயன்படவில்லை. முதலில் முயன்றோம் என்னும் பெருமையோடு இதனையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். இராஜஸ்தான் 2000ஆம் ஆண்டில் தன் சட்டத்தை நிறைவேற்றியது.

நாடு முழுமைக்குமான தகவலறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சி அலுவலகம் முதல் நடுவண் அமைச்சகம் வரை எங்கும் ஒரு குடிமகன் ஆவணத்தைப் பார்க்கலாம், படியும் பெறலாம். ஏன் கேட்கிறீர்கள் என அலுவலர் வினவக்கூடாது. முப்பது நாள்களுக்குள் விடையளித்தல் வேண்டும். உயிர், விடுதலை தொடர்பான தகவலாயின் நாற்பத்தெட்டு மணிநேரமே காலவரம்பு. தக்க காரணமின்றிக் காலம் தாழ்த்தும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கத் தகவல் ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. இவற்றினும் சிறந்தது சட்டத்தின் நான்காம் பிரிவு. மக்கள் கேட்கும்வரை காத்திராமல், அரசு அலுவலகங்கள் தாமாகவே தம் செலவினங்களையும் முடிவுகளையும் வெளியிட வேண்டும் என்கிறது அப்பிரிவு. அதே 2005இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், கோட்கிரானா பந்தலில் நடந்ததைச் 'சமூகத் தணிக்கை' என்னும் பெயரில் கிராம சபையின் கடமையாக்கியது. இராஜஸ்தானில் வேலை பெற்றோரின் பெயரும் நாளும் கூலியும் ஊர்ப் பொதுச்சுவர்களில் வண்ணத்தால் எழுதப்பட்டன.

பெயர் யாருடையது?

சட்டம் வந்தபின் பூசல் வேறு வடிவம் பெற்றது. தனிநபர் தகவலை எந்த அளவு வெளியிடலாம் என்பது இன்றைய கேள்வி. பொதுப்பணியோடு தொடர்பற்ற அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலை மறுக்கலாம் என்றும், பொதுநலன் மேம்பட்டதாயின் வழங்கலாம் என்றும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் ஓர் உட்பிரிவு கூறியது. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் திருத்தி, தனிநபர் தகவல் என்பதே மறுப்பதற்குப் போதும் எனச் சுருக்கியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்ததைத் திருத்தத்தை ஆதரிப்போர் சுட்டுகின்றனர். பெயரும் வங்கி எண்ணும் கைப்பேசி எண்ணும் ஒருங்கே வெளியானால் ஏழைகளே முதலில் ஏமாற்றப்படுவர் என்னும் அவர்களின் அச்சம் பொய்யன்று. பொதுநலன் மேம்பட்டதாயின் தகவல் தரலாம் என்னும் பொது விதி, அதே பிரிவின் வேறோர் உட்பிரிவில் இன்னும் உள்ளது என்பதும் அவர்கள் விடை.

எதிர்ப்போர் அந்த வருகைப் பட்டியலையே கையில் எடுத்துக் காட்டுகின்றனர். வங்கி எண்ணை மறைத்துவிட்டுப் பட்டியலை வெளியிடலாம். பெயரை மறைத்துவிட்டு வெளியிட்டால் அதில் எஞ்சுவது என்ன? கோட்கிரானாவில் இறந்தவர் பெயரில் எழுதப்பட்ட கூலி வெளிப்பட்டது, அந்தப் பெயர் உரக்கப் படிக்கப்பட்டதனாலேயே. பெயருக்குப் பதிலாக ஓர் எண் படிக்கப்பட்டிருந்தால், அன்று பந்தலில் எவரும் எழுந்து நின்றிருக்க முடியாது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊராட்சியில் அண்மையில் நடைபெற்ற பணி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் செலவுக் கணக்கின் படியைக் கேட்டுப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.

'பயனாளிகளின் பெயர்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதலாமா?' என்னும் பொருளில் வகுப்பறையில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.